புதுப்பிப்பு: ராயல் பைத்தான் முட்டைகள் பொரிந்துவிட்டன

நான் வளர்க்கும் ராயல் பைத்தான் என்ற மலைப்பாம்பு இட்ட முட்டைகளைத் தாயிடமே விடுவதா, இன்குபேட்டருக்கு (செயற்கையாக அடைகாக்கும் பெட்டிக்கு) மாற்றுவதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பாதியாகப் பிரித்து வைக்கச் சிலர் சொன்னீர்கள். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்ததால் அது நடக்கவில்லை. மொத்தமாக இன்குபேட்டருக்கே போயின.

மூடிய பெட்டி, ஈரமான வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்), வெப்பம் 31–32 டிகிரி செல்சியஸ். கோழி முட்டை மாதிரி இவற்றைப் புரட்டக் கூடாது என்பதால் மேற்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். டார்ச் அடித்தால் உள்ளே சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிந்தன. கடைசியில் முட்டைகள் குழி விழுந்தன. பொரிக்கும் முன் வழக்கமாக நடப்பதுதான். அப்புறம் ஓட்டைக் கீறிக்கொண்டு ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது, வெகுநேரம் அப்படியே இருந்தது. இழுத்துவிடக் கை துறுதுறுத்தது, தொடவில்லை.

“குளிர் ரத்தப் பாம்பு முட்டைகளைச் சுற்றிக் கிடந்து என்ன பயன்?” என்று கேட்டவருக்கு: பர்மா மலைப்பாம்பு தசைகளைத் துடிக்க வைத்து வெப்பம் உண்டாக்கும். நியூயார்க் விலங்குக்காட்சிசாலையில் அளந்து 1966-இல் வெளியிட்டார்கள். சுற்றுப்புறத்தைவிடக் கூடுதல் வெப்பம்! ராயல் பைத்தான் அப்படிச் செய்யாது. முட்டையின் ஈரம் போகாமல் காப்பதுதான் அதன் சுருளின் முக்கிய வேலை. மூடிய பெட்டியே அதைச் செய்துவிடும்.

அடைகாக்கும் தாய் பெரும்பாலும் இரை எடுக்காது. நான் மாற்றியதற்கு அதுதான் காரணம். முட்டை வாசனை போக அவளைக் கழுவி, கூண்டையும் துடைத்த பிறகு எலியைப் பிடித்துக்கொண்டாள்.

சரி, படம் கேட்டவர்களுக்கு: குட்டிகள் முதல் சட்டை உரிக்கட்டும், போடுகிறேன்.