7/8 வாசிக்கும்போது கை தானாக 8 ஆக்கிவிடுகிறது, என்ன செய்வது?

ஆறு_தந்தி:
கிதார் ரிதம் வாசிக்கிறேன். 4/4, 3/4, 6/8 பிரச்சினை இல்லை. 7/8-ல், அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஏழு மாத்திரை வருவதில், நாலைந்து பார் தாண்டியதும் எங்கோ ஒரு மாத்திரை கூடிவிடுகிறது. 1, 2, 3 என்று எண்ணினால் கணக்கு சரியாக வருகிறது, ஆனால் உயிரே இல்லை. வேகம் கூடினால் எண்ணவும் முடியவில்லை. மெட்ரோனோமை (வேகத்துக்குக் கிளிக் கொடுக்கும் கருவி) எப்படி வைப்பது? வலதுகையின் கீழ், மேல் ஸ்ட்ரோக்கை எப்படிப் பிரிப்பது?

சொற்கட்டு:
எண்ணுவதை விடுங்கள். ஏழை யாரும் ஏழாக உணர்வதில்லை. இரண்டும் மூன்றுமாகத்தான் உடம்பில் ஏறும். முதலில் பிரிப்பு எது என்று கண்டுபிடியுங்கள். பேஸ் கிதாரும் கிக் ட்ரம்மும் எங்கே விழுகின்றன என்று கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கிரேக்கத்தின் கலமத்தியானோஸ் நடனம் 3+2+2, பல்கேரியாவின் ரச்செனிட்சா 2+2+3. கணக்கு ஒன்று, நடை வேறு.

3+2+2-க்கு 'தகிட தக திமி' என்று வாயால் சொல்லுங்கள். கர்நாடக இசையில் ஏழு மாத்திரைத் தாளமான மிஸ்ர சாபு போட்டவர்களுக்குப் புதிதல்ல. 2+2+3-க்கு 'தக திமி தகிட'. கிதாரைக் கீழே வையுங்கள். மெட்ரோனோம் நிமிடத்துக்கு 140, கிளிக்குக்கு ஓர் எழுத்து. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கைதட்டுங்கள். 3+2+2-ல் அது 1, 4, 6. இந்தத் தட்டுகளின் இடைவெளி சமமில்லை, சிக்கலே அங்கேதான். சமமான தட்டுக்குப் பழகிய கை, மூன்றை நாலாக நீட்டிச் சமன்செய்யப் பார்க்கும். வாய் 'தகிட்ட' என்று இழுத்தால் எட்டு வந்துவிட்டது என்று அர்த்தம்.

வாயும் கையும் பிசகாமல் இரண்டு நிமிடம் ஓடிய பிறகு கிதாரை எடுத்தால் போதும்.

ட்ரம்ஸ்_மேடை:
மேலே சொன்னதோடு ஒரு சோதனை. கிளிக்கைப் பாதியாக்குங்கள்: 140 இருந்தால் 70, அதாவது இரண்டு மாத்திரைக்கு ஒரு கிளிக். முதல் பாரில் கிளிக் 1, 3, 5, 7-ல் விழும். அடுத்த பாரில் 2, 4, 6-ல். மூன்றாவது பாரின் 1 மறுபடி கிளிக்கோடு சேரணும். சேரவில்லையென்றால் நடுவில் மாத்திரை கூடியோ குறைந்தோ போயிருக்கிறது. இரண்டாவது பாரில் எல்லாம் தப்பாக வாசிப்பதுபோலவே இருக்கும். பயந்து கிளிக்கைத் துரத்தாதீர்கள்.

இது வந்ததும் பாருக்கு ஒரே கிளிக்: 30 வைத்தால் மாத்திரை நிமிடத்துக்கு 210. மெட்ரோனோம் ஆப்பில் 7/8 தேர்ந்தெடுத்தால் பல நேரம் 1-க்கு மட்டும்தான் அழுத்தம் இருக்கும். 3+2+2 என்றால் 4, 6-க்கும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எப்போதும் 1-லிருந்தே தொடங்கிப் பழகாதீர்கள். பார் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். 6-ல் தொடங்கி அடுத்த பாரின் 1-ல் நிறுத்துங்கள். அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப.

வலதுகை:
ஸ்ட்ரோக் பற்றி யாரும் சொல்லவில்லை. கீழ்-மேல் என்று மாறி மாறி அடித்தால் ஏழு ஒற்றைப்படை என்பதால் இரண்டாவது பார் மேல் ஸ்ட்ரோக்கில் தொடங்கும், அழுத்தம் தலைகீழாகிவிடும். ரிதமுக்கு எளிய வழி: 3-க்கு கீழ்-மேல்-கீழ், 2-க்கு கீழ்-மேல். மூன்றின் முடிவில் இரண்டு கீழ் ஸ்ட்ரோக் அடுத்தடுத்து வரும், அந்த இடத்தில் அழுத்தம் தானாகவே கிடைக்கும். ஆனால் வேகம் ஏறினால் கை திரும்பி மேலே வர நேரம் பத்தாது. அப்போது மூன்றின் கடைசி ஸ்ட்ரோக்கை விட்டுவிட்டு, முந்தைய ஒலியை நீட்டிவிடுங்கள். தனி நோட்டு ஓட்டங்களுக்கு இது வேண்டாம். கண்டிப்பான கீழ்-மேல்தான், இரண்டு பாரை ஒரு சுற்றாக நினைத்துக்கொண்டு.

ஆறு_தந்தி:
நன்றி. கர்நாடக இசையில் மிஸ்ர நடை என்கிறார்களே, அதுவும் இதேதானா?

சொற்கட்டு:
இல்லை. மிஸ்ர நடையில் தட்டு சமமாகவே இருக்கும், ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஏழு மாத்திரை. எட்டுத் தட்டுள்ள ஆதி தாளத்தில் 8×7, ஆக 56 மாத்திரை. உங்கள் 7/8-ல் பாரே ஏழு மாத்திரைதான். இப்போதைக்கு இரண்டையும் கலக்காதீர்கள்.