யூக்ளினா பாசி வகையா இல்லையா?

கேள்வி: குளத்துத் தண்ணிய மைக்ரோஸ்கோப்ல பாத்தேன், யூக்ளினாங்கிற ஒரு செல் உயிரி பச்சையா இருக்கு ஆனா சாட்டைய (சாட்டை மாதிரி இருக்கிற வால) சுழட்டிக்கிட்டு ஓடுது, உடம்பையும் சுருக்கி நீட்டுது. இது பாசிக்கு சொந்தமா?

பதில் 1: இல்லைங்க. அந்தப் பச்சை, இதோட மூதாதை ஒரு பச்சைப்பாசிய முழுங்கினதுல வந்தது, அதான் குளோரோபிளாஸ்ட (ஒளிச்சேர்க்கை செய்யுற பச்சை உறுப்ப) சுத்தி மூணு சவ்வு, செடியில ரெண்டுதான். சேமிச்சு வைக்கிறதும் ஸ்டார்ச் இல்ல, பாராமைலான்னு வேற ஒரு கார்போஹைட்ரேட்.

பதில் 2: நெருங்கின சொந்தம் ஆப்பிரிக்காவுல தூக்க நோய் குடுக்குற டிரிபனோசோமாங்கிற ஒட்டுண்ணி! ரெண்டுக்கும் சாட்டைக்குள்ள மைக்ரோடியூபூல் (நுண்குழாய்) பக்கத்துலயே ஒரு புரதத் தண்டு ஓடும், சாட்டையும் ஒரு குழிக்குள்ளேருந்துதான் கிளம்பும், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

கேட்டவர்: அப்போ அந்த சுருங்கி நீளுறது?

பதில் 1: செல் சுவர் கிடையாது, சவ்வுக்கு அடியில புரதப் பட்டைகள் இருக்கு, அதுங்க ஒண்ண ஒண்ணு உரசி வழுக்கும். சிவப்பா கண்புள்ளி (வெளிச்சத்த உணர உதவுறது) தெரியுதான்னும் பாருங்க.