‘குறுக்கு’ வேண்டாம், ‘சாயல்வினை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நோய்க்கிருமி தொற்றிய செல்களை அடையாளம் காணும் வெள்ளணு வகையே டி செல். ஒரு கிருமிக்காகப் பழகிய டி செல் வேறொரு கிருமிக்கும் வினையாற்றுவதை ஆங்கிலத்தில் cross-reactivity என்கிறார்கள். டி செல் சொற்பட்டியலில் அதற்குக் ‘குறுக்கு வினைத்திறன்’ போதும் என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. தமிழில் குறுக்கே வருவது பெரும்பாலும் மறிக்கத்தான் வருகிறது: குறுக்குச் சுவர், குறுக்கீடு. cross-protection என்பதைக் ‘குறுக்குப் பாதுகாப்பு’ என்று எழுதினால், பாதுகாப்புக்கு ஏதோ தடை என்றே மாணவர் படிப்பார்.

‘அயல் மகரந்தச் சேர்க்கை’யை (cross-pollination) ஒட்டி ‘அயல்வினை’ என்றார் ஒருவர். முன்மாதிரி அழகானது. ஆனால் டி செல்லுக்கு எந்த வைரஸும் அயல்தானே!

உண்மையில் நடப்பது என்ன? ஒரு வைரஸிடம் பழகிய டி செல், வேறொரு வைரஸின் புரதத் துணுக்கிலும் பழைய முகத்தைக் கண்டு வினையாற்றுகிறது. ஆகவே ‘சாயல்வினை’ என்று முன்மொழிகிறேன்.

“அமினோ அமில வரிசை ஒத்திருந்தால்தானே சாயல்?” என்ற மறுப்பு வந்திருக்கிறது. நல்ல மறுப்பு, அதற்கு விடையும் உண்டு. ஏ வகை இன்ஃப்ளூயன்சாவின் எம்1 புரதத்தில் ஒன்பது அமினோ அமிலத் துணுக்கு ஒன்று இருக்கிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸிலும் ஒன்பது கொண்ட துணுக்கு ஒன்று உண்டு. இரண்டையும் அடுக்கிப் பாருங்கள்: முதல், ஆறாம், ஒன்பதாம் இடங்கள் மட்டுமே பொருந்தும். ஆயினும் இரண்டையும் பற்றும் டி செல்கள் உள்ளன. எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சலில், ஃப்ளூவுக்காக உருவான நினைவுச் செல்களும் (பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள்) பெருகி, அந்நோயில் நிகழும் டி செல் பெருக்கத்தில் பங்கேற்பதை 2005-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். வரிசை என்பது பெயர். டி செல் பார்ப்பது வடிவம். தாய்மாமனின் நடை மருமகனிடம் இருப்பதைத் தெருமுனையிலிருந்தே அறிகிறோம். அதற்குப் பெயர் ஒத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று எனக்கு முக்கியம்: நன்மையா தீமையா என்று சொல்லே தீர்ப்பளித்துவிடக் கூடாது. டெங்கு நான்கு வகை. தாய்லாந்துக் குழந்தைகளைப் பற்றி 2003-இல் வெளியான ஆய்வில், இரண்டாம் தொற்றின்போது பல டி செல்கள் நடப்பு வைரஸைத் தளர்வாகவும் வேறு வகையை இறுக்கமாகவும் பற்றின. பழைய நினைவு தவறான பக்கம் இழுக்கிறது என்ற அச்சம் அதில் வலுப்பட்டது. ஆனால் கொழும்புக் குருதிக்கொடையாளர்களைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், டி செல்களின் வினை முதலில் தொற்றிய வைரஸின் பக்கம் சாய்ந்திருந்தும் வலுக் குன்றவில்லை. வலுவான டி செல் வினை காப்பதையே அந்த ஆய்வு சுட்டியது.

கொரோனாவிலும் நன்மைப் பக்கம் தெரிந்தது. தொற்றாளருடன் நெருங்கியிருந்த 52 பேரை லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் ஆராய்ந்தனர். தொற்றாமல் தப்பிய 26 பேரிடம், பழைய சளிக் கொரோனா வைரஸ்கள் விட்டுச்சென்றவையாகக் கருதப்படும் இத்தகைய நினைவுச் செல்கள் கூடுதலாக இருந்தன.

எனவே, சாயல்வினை டி செல், சாயல்வினைத் துணுக்கு. விளைவு காப்பாக இருந்தால் மட்டும் ‘சாயல்காப்பு’. இலங்கை நண்பர்கள் செல்லைக் ‘கலம்’ என்பதால் அங்கு ‘சாயல்வினை டி கலம்’ என்று இயல்பாக அமையும். பிறபொருளெதிரிகளுக்கும் (antibodies) இதே சொல் பொருந்துமா? அவை துணுக்கைப் பற்றாமல் முழுப் புரதத்தின் மேற்பரப்பையே பற்றுகின்றன. பொருந்தும் என்றே நினைக்கிறேன். நோய் எதிர்ப்பியல் கற்பிப்பவர்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.