கனடாவுக்குப் புதிதா? சம்பளச் சீட்டில் யூனியன் பிடித்தம் இருக்கிறதா? இதைப் படியுங்கள்

ஒண்டாரியோவில் தொழிற்சாலையிலோ கிடங்கிலோ முதல் வேலையில் சேர்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "நான் யூனியனில் சேரவே இல்லையே, ஏன் காசு பிடிக்கிறார்கள்?"

1945-இல் வின்ட்சர் நகரில் ஃபோர்டு தொழிலாளர்கள் 99 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவைத்த நீதிபதி ஐவன் ராண்ட் 1946-இல் ஒரு முடிவு சொன்னார். உறுப்பினராகச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் சங்கம் பேசி வாங்கும் பலன் எல்லாருக்கும் கிடைப்பதால் சந்தாவை எல்லாரும் கட்ட வேண்டும். இன்றைய பிடித்தம் அந்த வழியில் வந்ததுதான். வருமான வரிக் கணக்கில் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம், மறந்துவிடாதீர்கள்.

சரி, யூனியனும் நிர்வாகமும் சம்பளம், வேலை விதிகள் பற்றிச் செய்யும் ஒப்பந்தம் எப்படிப் பேசி முடிகிறது? பழைய ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் பேச்சுவார்த்தைக்கு நோட்டீஸ் போகும். அதையொட்டி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு யூனியன் ஒரு படிவம் தரும். தயவுசெய்து அதை நிரப்பிக் கொடுங்கள். எங்கள் இரவு ஷிஃப்டில் பெரும்பாலும் புதிதாக வந்தவர்கள்தான். ஒருவர்கூட நிரப்பவில்லை, நானும்தான். பகல் ஷிஃப்டில் இருந்த பழைய ஆட்கள் பல் வைத்தியக் காப்பீட்டை உயர்த்தக் கேட்டார்கள், கிடைத்தது. இரவு வேலைக்கான கூடுதல் தொகை மூன்று வருடம் ஒரு சதம்கூட ஏறவில்லை. அது எனக்கு இன்னமும் வலிக்கிறது.

மேசையில் வழக்கமாக ஷிஃப்ட், சீனியாரிட்டி, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றை முதலில் பேசுவார்கள். சம்பளமும் காப்பீடும் கடைசியில்தான் வரும். இரு தரப்பும் நேர்மையாகப் பேச வேண்டும் என்கிறது சட்டம். ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இழுபறியானால் அரசின் சமரச அதிகாரி வருவார். அவராலும் முடியாவிட்டால் 'நோ போர்ட்' (சமரசக் குழு அமைக்கப் போவதில்லை) என்ற அரசு அறிவிப்பு வரும். அது வந்த 17-ஆம் நாளிலிருந்து வேலைநிறுத்தமோ கதவடைப்போ சட்டப்படி செல்லும். மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே நிறுத்தத்துக்கு அனுமதி இல்லை, நடுவர் முடிவு செய்வார்.

'வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தாயிற்று' என்று கேட்டவுடன் பயந்துவிடாதீர்கள். அது பேசப் போகிறவர்களின் கையைப் பலப்படுத்துவதற்காக. நிறைய ஒப்பந்தங்கள் கெடு முடிகிற கடைசி இரவில் கையெழுத்தாகின்றன. அப்படியே நிறுத்தம் வந்தாலும், சட்டப்படி நடக்கும் நிறுத்தத்தில் சேர்ந்ததற்காக உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது. ஆனால் சம்பளம் வராது. யூனியன் தரும் தொகை சிறியது, அதற்கும் பொதுவாக மறியல் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் ஒப்பந்தம் முடிகிற வருடத்தில் ஒரு மாத வாடகையையாவது ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம், முடிவான வரைவை ஏற்பதா என்று ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். உறுப்பினர் அட்டை இல்லாவிட்டாலும் உங்களுக்கு அதில் வாக்கு உண்டு! போடுவதற்கு முன் வரைவில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள்: புதிதாகச் சேர்பவர்களுக்குத் தனியாகக் குறைந்த சம்பளம் வைத்திருக்கிறார்களா, தகுதிகாண் காலம் எத்தனை நாள்.

இப்போது இருக்கும் ஒப்பந்தப் புத்தகத்தை உங்கள் ஸ்டூவர்டிடம் (வேலையிடத்தில் இருக்கும் யூனியன் பிரதிநிதி) கேட்டு வாங்குங்கள். முடிவுத் தேதி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.