ஆர்.பி.எம் குறையவில்லையா? அப்போதுதான் கவலை

மாணவி:
செஸ்னா 152 பயிற்சி விமானத்தில் ரன்-அப், அதாவது பறக்கும் முன் இன்ஜினைச் சோதிப்பது. 1,700 ஆர்.பி.எம் வைத்து, சாவியை முதலில் வலது மேக்னெட்டோவுக்குத் திருப்பினேன். மேக்னெட்டோ என்பது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி, இரண்டு உண்டு; வலதுக்குத் திருப்பினால் இடது நிற்க வேண்டும், இடதுக்குத் திருப்பினால் வலது. 75 போல இறங்கியது, சரி. திரும்ப இரண்டுக்கும் வைத்துவிட்டு இடதுக்குப் போனால், ஊசி அசையவே இல்லை. இன்ஜின் சத்தத்தில்கூட மாற்றம் கிடையாது. 125-க்கு மேல் இறங்கக்கூடாது என்றுதான் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். இறங்கவே இல்லையென்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. இன்ஸ்ட்ரக்டர் சார் இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், "வண்டியைத் திருப்பும்மா" என்றார்.

பராமரிப்புப் பிரிவு:
சார் செய்ததுதான் சரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவை தனித்தனி மேக்னெட்டோவில் ஓடுகின்றன. ஒன்றை நிறுத்தினால் எரிவது மெதுவாகும், ஆர்.பி.எம் கொஞ்சம் இறங்கியே தீர வேண்டும். இறங்கவில்லை என்றால் வலது மேக்னெட்டோ நிற்கவே இல்லை என்று அர்த்தம். மேக்னெட்டோவை நிறுத்துவது என்பது அதை ஒரு ஒயர் வழியாக கிரவுண்ட் செய்வதுதான். அந்த ஒயர் அறுந்தாலோ கழன்றாலோ, சாவி 'ஆஃப்'பில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். பேட்டரியும் அதற்குத் தேவையில்லை, உள்ளே காந்தம் இருக்கிறது. சிலிண்டரில் துளி பெட்ரோல் மிச்சம் இருந்து, யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் போதும், கை போய்விடும். மிக்ஸ்சர் என்னும் பெட்ரோல்-காற்றுக் கலவைக் குமிழை இழுத்து, பெட்ரோலை நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்வது இதற்காகவும்தான். சாவி என் பையில்தானே இருக்கிறது என்று ப்ரொப்பெல்லரில் சாய்ந்து போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்ஸ்ட்ரக்டர் ஒருவர்:
இதற்கு நேர்மாறாக, இறங்குவதைப் பார்த்துப் பயந்த கதை ஒன்று. ஈரப்பதமான நாள், வெளியே 25 டிகிரி, நேர்மட்டமாகப் பறந்துகொண்டிருந்தோம். த்ராட்டிலை யாரும் தொடவில்லை, ஆர்.பி.எம் மட்டும் மெல்ல மெல்லச் சரிந்தது. மாணவரின் கை த்ராட்டிலுக்குப் போனது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை முழுவதும் இழுக்கச் சொன்னேன். இழுத்ததும் ஆர்.பி.எம் இன்னும் இறங்கி, இன்ஜின் உதற ஆரம்பித்தது. பதறிப்போய் அதைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தார். "விடுங்க தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்று பிடித்துக்கொண்டேன். உதறல் அடங்கி, ஆர்.பி.எம் தானாகவே மேலே வந்தது.

25 டிகிரியில் ஐஸா என்று கேட்பார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலப்பது கார்புரேட்டர். அதில் பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய வழியில் காற்றழுத்தம் குறையும்போதும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலும் விழும். காற்றின் ஈரம் ஐஸாகி வழியை அடைக்கும், ஆர்.பி.எம் சரிந்தது அதனால்தான். கார்ப் ஹீட் அந்த ஐஸை உருக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் முதலில் சக்தி இறங்கும். உருகிய நீர் இன்ஜினுக்குள் போவதால் உதறும். அந்த நேரத்தில் உள்ளே தள்ளினால் பாதி உருகிய ஐஸ் அப்படியே நிற்கும். இன்ஜெக்ஷன் இன்ஜினில் கார்புரேட்டரே இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை.

பராமரிப்புப் பிரிவு:
ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன் சார். கார்ப் ஹீட் காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை. தரையில் சோதித்துப் பார்த்ததும் உள்ளே தள்ளிவிடச் சொல்லுங்கள், புழுதியெல்லாம் நேராக சிலிண்டருக்குப் போகிறது.