ஒகேனக்கல் காவிரியில் ஃப்ளை ஃபிஷிங்குக்கு அனுமதி கேட்கலாமா?

ஓசூர் தூண்டில்:
வணக்கம். பிலிகுண்டுலுவிலிருந்து ஊட்டமலை வரைக்கும் உள்ள காவிரியில், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடும் முறையில் மட்டும், ஃப்ளை ஃபிஷிங்குக்கு வனத்துறையிடம் அனுமதி கேட்டு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

இதைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். மண்புழு, ராகி உருண்டை எதுவும் கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, பூச்சி மாதிரியோ பொடிமீன் மாதிரியோ செய்வார்கள், அதுதான் ஃப்ளை. அதற்கு எடையே இருக்காது. கனமான லைனை, அதாவது தூண்டில் கயிற்றை, தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசும்போது அந்த லைன்தான் இறகைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கும். அதனால் ஆற்றைப் படிக்கத் தெரியாமல் இதைச் செய்யவே முடியாது.

ஆடியில் ஆறு காவி நிறத்தில் வரும்போது இதற்கு வேலையில்லை, மீன் கண்ணுக்கு ஃப்ளை தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் சின்னாறு கலங்கி வந்து சேரும். அப்போதும் நம்பிக்கை இல்லை. தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் கதை மாறும். பாறை இடுக்கில் நுரைத்து ஓடும் தண்ணீர் மடுவில் விழுந்து அமைதியாகும் அந்த ஓரத்தில்தான் மகசீர் என்ற பெரிய ஆற்று மீன் நிற்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க மீன் நிற்கும் இடம் மாறும், நாமும் அதன் பின்னாலேயே நகர வேண்டும். சித்திரையில் கண்ணாடி போன்ற தண்ணீரில் நம் நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். எனக்கு மிகப் பிடித்த காலம் அதுதான்.

மாதத்துக்கு இத்தனை பேர் என்று அளவு வைக்கலாம். பரிசல் ஓட்டுகிறவர்களே வழிகாட்டிகளாக இருக்கட்டும். வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை, அப்போது அவர்களுக்கு வருமானமும் இல்லை. தை முதல் வைகாசி வரை இதில் ஒரு கூலி கிடைக்குமே.

ஊட்டமலை பரிசல்:
அண்ணா, எங்கள் பெயரைச் சொல்லி மனு எழுதுவதற்கு முன்னால் எங்களைக் கேட்டதற்கு நன்றி. என் பதில், வேண்டாம்.

கோடையில் இங்கே ஆறு எப்படி இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் வரத்து குறைந்தால் பாறைகள் எல்லாம் வெளியே வந்துவிடும். ஐந்தருவிப் பக்கம் அருவிகள் ஒவ்வொன்றாக ஒடுங்கும். மிச்சத் தண்ணீர் மடுவில் நிற்கும், மீன் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். நீர்நாயும் முதலையும் அங்கேதான் வரும். தண்ணீரில் தோட்டா, அதாவது வெடி, போட்டு மீன் பிடிக்கிற திருடனும் அந்த மடுவைத்தான் தேடி வருவான். நீங்கள் உங்களுக்குப் பிடித்த காலம் என்று சொன்னது, மீனுக்கு ஓட வேறு இடமே இல்லாத காலம்.

இன்னொன்று. எங்கள் ஊர்க்காரன் ஒருவன் குழம்புக்கு வலை போட்டால் கேஸ். காடு சரணாலயம் ஆனபிறகு கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. சரி, மீன் பிழைக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டோம். அதே இடத்தில் விலை உயர்ந்த ராடு வைத்திருக்கிறவருக்கு மட்டும் அனுமதி என்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு நான் என்ன நியாயம் சொல்வேன்?

ஓசூர் தூண்டில்:
நியாயமான கோபம். ஆனால் வலையில் பட்ட மீன் செத்துவிடும். நாங்கள் முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் போடுவோம். மீன் வாயில் ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். திரும்ப நீந்திப் போய்விடும்.

பாலக்கோடு மீன்வளம்:
நான் பொன்னேரியில் மீன்வளம் படிக்கிறேன். "நீந்திப் போய்விடும்" என்ற இடத்தில்தான் எனக்குச் சிக்கல்.

20 டிகிரி வெப்பமுள்ள நல்ல தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரை அளவுக்கு இறங்கிவிடும். அதே நேரம் சூட்டில் மீனின் உடம்பு கேட்கும் ஆக்சிஜன் கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறுகிற வீடு மாதிரி ஆகிவிடுகிறது அதன் நிலை. இந்த நேரத்தில் அதை முள்ளில் மாட்டி, களைக்கும் வரை இழுத்து, படத்துக்காக வெளியே தூக்கினால், தசையில் சேர்ந்த அமிலம் கழிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் தண்ணீரிலேயே இல்லை. கண் முன்னால் நீந்திப் போகும். சில மணி நேரம் கழித்து ஆழத்தில் செத்துக் கிடக்கலாம், நமக்குத் தெரியவே தெரியாது.

நான் முழுக்க எதிர்ப்பு இல்லை. தை, மாசிக் காலையில், கனமான லைனில் சீக்கிரம் இழுத்து, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றினால் பெரும்பாலும் பிழைக்கும். பங்குனி பாதியோடு நிறுத்த வேண்டும். சித்திரை, வைகாசியைப் பற்றிப் பேச்சே கூடாது.

ஓசூர் தூண்டில்:
தம்பி சொன்னதை ஏற்கிறேன். மனுவில் பங்குனி 15 வரை என்று மாற்றி எழுதுகிறேன். காலை மட்டும், மீனை வெளியே தூக்கிப் படம் எடுக்கக்கூடாது என்றும் சேர்க்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் யோசிக்க வேண்டும். நமக்கு மேலே, கர்நாடகப் பகுதிக் காவிரியில் கலிபோரே, தொட்டமக்காளி, பீமேஸ்வரி என்று தூண்டில் முகாம்கள் இருந்தன. சரணாலயச் சட்டத்தைக் காட்டி அங்கே தூண்டிலை நிறுத்திவிட்டார்கள். கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை பிடித்த மீன்களை எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான் ஓர் உண்மை வெளியே வந்தது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியிருக்கிறது. அந்தத் திமில் மகசீரைத்தான் 2018ல் டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயருள்ள இனம் என்று அடையாளம் கண்டார்கள். அதே வருஷம் அது உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சேர்ந்தது. தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? முன்னே திருட்டு வலை போட்டவர்களே அந்த முகாம்களில் காவலுக்கும் வழிகாட்டவும் வந்தார்கள். ஆள் நடமாட்டம் இருக்கும் கரையில் எவனும் தோட்டா போடத் துணிய மாட்டான்.

பென்னாகரம் வாத்தியார்:
நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. அதே கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். நீலத்துடுப்பு மகசீர் தானாக வந்து சேரவில்லை. மகாராஷ்டிராவின் லோனாவாலா மீன்குஞ்சு பொரிப்பகத்தின் குஞ்சுகளை, மகசீர் பெருகட்டும் என்ற நல்ல எண்ணத்தில் மனிதர்கள்தான் காவிரியில் விட்டார்கள். தூண்டிலை நேசித்தவர்களும் அதில் இருந்தார்கள். 1946ல் காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு மகசீர் பிடிபட்டது. அப்படிப்பட்ட மீன் வாழ்ந்த ஆற்றுத் தொகுதி இது. பெரிய மீன் மேல் இருந்த ஆசை இங்கே என்னவெல்லாம் செய்தது என்று பார்த்த பிறகும் அதே ஆசையை நம்பி அனுமதி கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் எல்லோரும் தமிழ் மாதங்களை வைத்துப் பேசுகிறீர்கள். இன்று இந்த ஆற்றுக்கு மாதம் வைப்பது மழை மட்டும் இல்லை, கிருஷ்ணராஜசாகரும் கபினி அணையும்தான். குடகில் மழை பெய்தாலும் அணை நிரம்பும் வரை இங்கே புதுவெள்ளம் வராது. மகசீர் இனங்கள் பொதுவாக மழைக்காலப் புதுவெள்ளத்தில் ஏறிப் போய்க் கூழாங்கல் பரப்பில் முட்டையிடுபவை. வெள்ளம் தள்ளிப்போனால் அவற்றின் காலமும் குழம்பும். "பங்குனி 15" என்று காகிதத்தில் எழுதிவிடலாம். அந்த வருஷம் மாசியிலேயே ஆறு வற்றிவிட்டால்?

சட்டத்தையும் பாருங்கள். காவிரி வடக்குச் சரணாலயம் 2014ல் வந்தது, தெற்குச் சரணாலயம் 2022ல் வந்தது. நீர்நாய், ஆற்று ஆமை, முதலைக்காகவும் சேர்த்துத்தான் இதைக் காப்பாற்றுகிறார்கள். மேலே நிறுத்தியதைக் கீழே ஆரம்பி என்று எந்த முகத்தோடு கேட்பது?

ஓசூர் தூண்டில்:
அப்படியானால் தேதிக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்து நிபந்தனை போடலாமே, ஐயா. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் தினமும் வரத்தை அளக்கிறது. ஓர் அளவுக்குக் கீழே போனால் அன்றே தூண்டில் நிற்கும். பரிசலுக்கு வெள்ளத்தில் தடை போடுகிற மாதிரி, எங்களுக்கு வறட்சியில் தடை.

பாலக்கோடு மீன்வளம்:
இது நல்ல யோசனை. வரத்தோடு தண்ணீரின் வெப்பத்தையும் சேருங்கள். சாதாரண தெர்மாமீட்டர் போதும்.

ஊட்டமலை பரிசல்:
தெர்மாமீட்டரை யார் பார்ப்பார்கள்? கரையில் நிற்கிற வழிகாட்டி, அதாவது நாங்கள். அன்றைய கூலி எனக்கு வேண்டும், பணம் கட்டியவர் தூரத்திலிருந்து வந்திருக்கிறார், தண்ணீர் கொஞ்சம் சூடு. நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று நீங்கள் நம்புகிறீர்கள். வீட்டில் அடுப்பு எரியாத நாளில் என்னாலேயே அதை நம்ப முடியாது.

மீன் கணக்கு வேண்டும் என்றால் முள் இல்லாமலேயே எடுங்கள். கோடையில் தண்ணீர் தெளிந்திருக்கும்போது பரிசலில் சத்தமில்லாமல் போனால் மடுவில் நிற்கிற மீன் கண்ணுக்குத் தெரியும். எந்த மடுவில் எது நிற்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதை எழுதி வைக்க எங்களுக்குக் கூலி கொடுங்கள், தோட்டா போடுகிறவனைப் பிடிக்க எங்களுக்கு அடையாள அட்டை கொடுங்கள் என்று மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். தூண்டிலுக்கு மட்டும் போட மாட்டேன்.

ஓசூர் தூண்டில்:
கணக்கெடுப்பையும் காவலையும் தனி மனுவாக முதலில் அனுப்புவோம், அதை இன்றே எழுதத் தொடங்குகிறேன். தூண்டில் மனுவை நான் கைவிடவில்லை அண்ணா. உங்கள் எதிர்ப்பையும் அதிலேயே எழுதித்தான் அனுப்புவேன்.