செய்து முடித்தோம், எடுக்க ஆள் வரவில்லை: உங்களுக்கும் நடந்ததா?

துவாஸ்_வெல்டர்:
2016. சிங்கப்பூரில் எங்கள் கப்பல் கட்டும் யார்டில் ஒரு ஜாக்-அப் ரிக் (கடலில் கால் ஊன்றி எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை) முடிந்து நின்றது. எண்ணெய் விலைக் கதை எல்லாருக்கும் தெரியும். 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல், 2016 ஜனவரியில் 30க்கும் கீழே. ரிக்கை எடுக்க வேண்டியவன் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தான். எனக்குக் கிடைத்த வேலை, அதன் காலில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது. ஒரு கிணறுகூடத் தோண்டாத ரிக்குக்குத் துரு! கேபினில் மெத்தையின் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. காலின் இடுக்கில் மைனா கூடு. தள்ளிவிடச் சொன்னார் ஃபோர்மேன். "நாளைக்குப் பார்க்கிறேன் அண்ணே" என்றேன். அந்த நாளைக்கு வருவதற்குள் என் பர்மிட் முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். அந்தக் கூடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஈஸ்ட்கோஸ்ட்_நடையன்:
எனக்கும் அந்த வருடம்தான் வேலை போனது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் உட்கார்ந்து கப்பலை எண்ணுவேன். அத்தனையும் வேலை இல்லாமல் நின்றவை.

வுட்லண்ட்ஸ்_நைட்ஷிப்ட்:
மெமரி சிப், 2023. விலை விழுந்த பிறகும் ஃபேபை (சிப் செய்யும் ஆலையை) நிறுத்த முடியாது. விலை நன்றாக இருந்தபோது உள்ளே போன வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கான் தட்டு) சில மாதம் கழித்துத்தான் வெளியே வரும். கேன்டீனில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் உட்கார்ந்து தனியாகப் பரோட்டா சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
நடையன், ஈஸ்ட் கோஸ்ட்டில் நிற்பதெல்லாம் சும்மா நிற்கும் கப்பல் இல்லை. பல கப்பல்கள் எரிபொருள் நிரப்ப வந்தவை. உலகத்திலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் விற்பது சிங்கப்பூர்தான். வெல்டர் தம்பி, வாங்குபவனை மட்டும் திட்டாதீர்கள். முன்பணமாகக் கொஞ்சம், மீதியெல்லாம் டெலிவரியின்போது என்று ஒப்பந்தம் போட்டது யார்? சீன யார்டுகள் அதைவிடக் குறைந்த முன்பணத்துக்கே செய்து தர நின்றன. எண்ணெய் விலை விழுந்ததும், அந்த முன்பணத்தை விட்டுவிட்டு எடுக்காமல் இருப்பதுதான் அவனுக்கு லாபம். நான் அப்போது ஒரு சப்ளையர் அலுவலகத்தில் இன்வாய்ஸ் போட்டவன், வராத பணத்தைப் பார்த்தவன். சரி, பழங்கதை போகட்டும். ஒரே தொழிலை நம்பாதீர்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக வையுங்கள். மாலையில் ஏதாவது படியுங்கள், 2016லேயே அரசாங்கம் கோர்ஸ் படிக்க 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் கொடுத்ததே, அதில் ஒரு கோர்ஸ் முடித்திருந்தால் இந்தப் புலம்பல் எதற்கு?

துவாஸ்_வெல்டர்:
அண்ணே, அது குடிமக்களுக்கு. நான் ஒர்க் பர்மிட்.